மயிலிறகுச் சுமை

பொறியியல் படிப்பில் மூன்றாம் பருவத்தின் ஏழாவது வாரம் என்னிடம் ஒரு வரைபடத்தாளின் பின்பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. திங்கள்: பாய்ம இயக்கவியல் அசைன்மென்ட், எட்டுக் கணக்குகள். செவ்வாய்: பொருள் வலிமை ஆய்வக ரெக்கார்டு. புதன்: கணிதத் தேர்வு, லாப்லாஸ் உருமாற்றம் முழுவதும். வியாழன்: இயந்திர வரைபடம், ஒரு தாங்கியின் மூன்று தோற்றங்களும் ஒரு வெட்டுத் தோற்றமும். வெள்ளி: வெப்ப இயக்கவியல் தேர்வு, அன்று மாலையே மின்னியல் ஆய்வக ரெக்கார்டு. ஓரத்தில் பென்சிலால் ஒரு கூட்டல். வகுப்பு 26 மணி, ஆய்வகம் 6 மணி, மற்ற வேலை 47 மணி. ஆக 79.

திங்கள் முதல் வெள்ளி வரை 120 மணி. 79 போனால் 41. நாளுக்கு ஏழு மணி உறங்கினால் 35. மிஞ்சிய ஆறு மணி நேரத்துக்குள் ஐந்து நாளும் குளித்து, சாப்பிட்டு, துணி துவைத்து, வீட்டுக்குப் பேசி, விடுதியிலிருந்து வகுப்புக்கு நடந்தும் போக வேண்டும். கழித்தலில் பிழை இருக்கும் என்று இரண்டு முறை சரிபார்த்த தடயம்கூடத் தாளில் தெரிகிறது. பிழை இல்லை. உறக்கத்தில்தான் கை வைத்தேன். எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள். எடுத்தால் ஏனென்று கேட்க ஆளில்லாத கருவூலம் அது ஒன்றுதான்.

எட்டுக் கணக்குகளுக்கு இரண்டு நாள் அவகாசம் கேட்கப் போனபோது ஆசிரியர் கோபப்படவில்லை. “எட்டுதானே? ஒரு மாலை வேலை” என்றார். உண்மை. அது ஒரு மாலை வேலைதான். ரெக்கார்டும் ஒரு மாலை வேலை. வரைபடம் ஒன்றரை மாலை. ஆறு ஆசிரியர்களிடம் தனித்தனியாகக் கேட்டிருந்தால் ஆறு பேரும் இதையே சொல்லியிருப்பார்கள், ஆறு பேர் சொன்னதும் சரியாகவே இருந்திருக்கும். மயிலிறகுதானே என்று ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டால் வண்டிக்கு என்ன ஆகும் என்பது நம்மில் யாருக்கும் புதிய செய்தியல்ல. புதிதாக எனக்குப் பட்டது வேறு: வண்டியின் மொத்த எடையைப் பார்க்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கட்டடத்தை வடிவமைக்கும்போது அதன் சொந்த எடை, உள்ளே நடமாடும் ஆட்கள், காற்று, நிலநடுக்கம் என்று ஒவ்வொரு சுமையையும் தனியாகக் கணக்கிடுவதோடு நிறுத்த மாட்டோம். எவையெவை ஒரே நேரத்தில் வரக்கூடும் என்று சேர்க்கைகள் போட்டு, அவற்றில் மிக மோசமானது எதுவோ அதற்குத் தாங்கும்படி தூணின் அளவை முடிவு செய்வோம். அதற்கு மேலும் ஒரு பாதுகாப்புக் காரணி. இதைப் பக்கம் பக்கமாகக் கற்பிக்கும் துறை, தன் மாணவரின் ஏழாவது வாரத்துக்கு மட்டும் சேர்க்கை போட்டுப் பார்த்ததில்லை.

காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி உழைப்பு. ஆக ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி. முழுநேர ஊழியர் ஒருவரின் உழைப்பு. அமெரிக்க முறையில், வகுப்பில் ஒரு மணி என்றால் வெளியே இரண்டு மணி என்பது கிரெடிட்டின் வரையறைக்குள்ளேயே இருக்கிறது. 15 கிரெடிட் எடுத்தவருக்கு வாரம் 45 மணி. நியாயமான எண்கள்தாம். ஆனால் இவை சராசரிகள், பாலங்கள் சராசரி லாரிக்காகக் கட்டப்படுவதில்லை. அதோடு பொறியியலில் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது: ஆய்வகம். பல பல்கலைக்கழகங்களில் இரண்டு அல்லது மூன்று மணி நேர ஆய்வகத்துக்கு ஒரே ஒரு கிரெடிட். ஆய்வக வேலை ஆய்வகத்திலேயே முடிந்துவிடும், அறைக்கு எடுத்துப்போக ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. அந்த விதியை எழுதியவர் தம் வாழ்நாளில் ஒரு ரெக்கார்டு எழுதியதில்லை என்று பந்தயம் கட்டத் தயார்.

ரெக்கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் இளமையின் கணிசமான பகுதி அதற்குள் இருக்கிறது.

நோக்கம், தேவையான கருவிகள், கோட்பாடு, செய்முறை, அட்டவணை, மாதிரிக் கணக்கு, வரைபடம், முடிவு. கையால் எழுத வேண்டும். வலப்பக்கம் மையால், இடப்பக்கம் பென்சிலால். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்தப் பக்கத்தையே மீண்டும் எழுத வேண்டும். மூத்த மாணவர் ஒருவரின் பழைய ரெக்கார்டு அறைக்கு அறை கைமாறும். அதன் செய்முறைப் பகுதியை நாற்பது பேர் எழுத்து மாறாமல் பெயர்த்து எழுதுவோம், அவருடைய எழுத்துப்பிழைகள் உட்பட. அவர் ‘அளவீடு’ என்பதை ‘அளவிடு’ என்று எழுதியிருந்ததால் எங்கள் வகுப்பு முழுவதும் இரண்டு ஆண்டுகள் அளவிட்டுக்கொண்டே இருந்தது.

இழுவிசைச் சோதனை செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு சாதாரண எஃகுத் தண்டு, நடுப்பகுதியின் விட்டம் 10 மி.மீ. இரு முனைகளையும் இயந்திரத்தின் தாடைகள் கவ்விக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்ல இழுக்கும். தண்டு முதலில் ஒன்றும் நடக்காதது போல் நிற்கும். பிறகு ஓரிடத்தில் இடுப்பு சிறுக்கும். பிறகு துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கால் மணி நேரத்தில் காட்சி முடிந்துவிட்டது. ஒவ்வொரு சுமைக்கும் எவ்வளவு நீண்டது என்ற எண்களைக் குறித்துக்கொண்டு வந்தோம். அந்த எண்களிலிருந்து தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை), திரிபு (ஓரலகு நீளத்துக்கு நீண்ட அளவு), இரண்டுக்குமான விகிதம் என்று போய், பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எஃகுக்கு அது ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல். எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இருக்கும். எனக்கு வந்தது 31.

இரவு ஒரு மணி. மறுநாள் கணிதத் தேர்வு. அலகுகளைச் சரிபார்த்தேன், பரப்பளவைச் சரிபார்த்தேன், விட்டத்துக்குப் பதில் ஆரத்தை எடுத்துவிட்டேனா என்று பார்த்தேன். மீண்டும் 31. பக்கத்து மேசையில் அறைத்தோழன் தனக்கு 28 வந்ததாகச் சொன்னான், தலையைத் தூக்காமலேயே. பிறகு இருவரும் அந்த நேரத்தில் விடுதி முழுவதும் செய்துகொண்டிருந்ததைச் செய்தோம். 200 என்று முடிவை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கி வந்து, அது கிடைக்கும்படி அட்டவணையை நிரப்பினோம். சந்தேகம் வரக்கூடாது என்று நான் 197 ஆக்கினேன். அவன் 204. ரெக்கார்டுக்குப் பத்துக்கு ஒன்பது. ‘நேர்த்தி’ என்று ஓரத்தில் சிவப்பு மை.

31 எப்படி வந்தது என்பது ஒன்றரை ஆண்டுகள் கழித்து, வேறொரு பாடத்தில், தற்செயலாகத்தான் விளங்கியது. நாங்கள் அளந்தது தண்டின் நீட்சியே இல்லை. இயந்திரத்தின் தாடை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைத்தான் அளந்திருந்தோம். இழுக்கும்போது தண்டு மட்டுமா நீள்கிறது? தாடைக்குள் பிடி கொஞ்சம் நழுவுகிறது, திருகுகள் தம் இடத்தில் இறுகி அமர்கின்றன, இயந்திரத்தின் சட்டகமும் வளைந்து கொடுக்கிறது. 10 கிலோநியூட்டன் விசைக்கு அந்தத் தண்டில் 50 மி.மீ. நீளமுள்ள பகுதி நீள்வது வெறும் 0.03 மி.மீ. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. மற்ற எல்லாம் சேர்ந்து அதைப் போலப் பல மடங்கு. தண்டின் மீதே பொருத்தும் எக்ஸ்டென்சோமீட்டர் என்ற நீட்சிமானி இருப்பதே இதற்காகத்தான். எங்கள் ஆய்வகத்திலும் ஒன்று கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது.

ஆக 31 என்பது பிழையே இல்லை. அளக்கும் கருவியும் அளக்கப்படும் பொருளோடு சேர்ந்து வளைகிறது என்று அது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டுப் படிப்பில் ஒரு பொறியாளருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் அதிகம் கிடைத்துவிடாது. அதை இரவு ஒரு மணிக்கு நானே ரப்பரால் அழித்தேன். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்பவர்களோடு நான் சண்டைக்கு நிற்பேன். அன்றிரவு ‘ஏன் 31?’ என்று ஒரு மணி நேரம் யோசித்திருந்தால் கணிதத் தேர்வில் ஒரு கேள்வி போயிருக்கும். யோசிக்காமல் 197 என்று எழுதினால் ஒன்பது மதிப்பெண். வேலைப்பளுவால் மாணவர் களைத்துப் போகிறார்கள் என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். களைப்பு உறங்கினால் போய்விடும். எதைக் கற்க அங்கே வந்தோமோ அதையே முதலில் வெளியே தள்ள வேண்டியிருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

களைப்பு என்றதும் வோலர் நினைவுக்கு வருகிறார். ஆகஸ்ட் வோலர் பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய பொறியாளர். ரயில் பெட்டிகளின் அச்சுகள் தாங்க வேண்டிய சுமைக்கு மிகக் குறைவான சுமையிலேயே முறிந்துகொண்டிருந்த காலம் அது. 1850களிலும் 60களிலும் அவர் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்து, எத்தனையாவது சுற்றில் முறிகிறது என்று எண்ணினார். ஒருமுறை கொடுத்தால் எளிதாகத் தாங்கும் சுமையை லட்சக்கணக்கான முறை கொடுத்தால் உலோகம் முறிகிறது. அயர்ச்சி என்று அதற்குப் பெயர். எஃகுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு, அதற்குள் வைத்திருந்தால் எத்தனை சுற்றானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சுமை சிறிதானாலும் என்றாவது ஒருநாள் முறியும்.

இந்த வகுப்பு காலை முதல் பாடவேளையில் நடந்தது. அதற்கு முந்தைய இரவு நான் உறங்கவில்லை. என் குறிப்பேட்டில் ‘அயர்ச்சி என்பது’ என்று ஒரு வாக்கியம் தொடங்கி, எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, கோட்டைவிட்டு இறங்கி, பக்கத்தின் அடியில் ஒரு நீண்ட கீறலாக முடிகிறது. வரையறையை விடக் கீறல் துல்லியமாக இருக்கிறது. 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்குவதாகக் காட்டியது. 24 மணி நேரமானால் ஏறக்குறைய 0.10 சதவீதம். அந்த நிலையில் ஒருவரை வண்டி ஓட்ட விடமாட்டார்கள். கடைசல் இயந்திரத்தின் முன் நிற்க எங்களுக்குத் தடை இருந்ததில்லை.

இதைவிட மோசம், இதில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. “நான் இரண்டு மணி நேரம்தான் உறங்கினேன்” என்று ஒருவன் சொன்னால், “நான் படுக்கவே இல்லை” என்று அடுத்தவன் சொல்வான். பதக்கம் போல அணிந்துகொண்டு திரிந்தோம். நானும்தான். முழு இரவு உறங்கி எழுந்த ஒரு நாளில் யாராவது கேட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறேன்.

குழுத் திட்டப்பணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நால்வர் குழு, ஒருவர் வேலை செய்வார், ஒருவர் அட்டை போடுவார், ஒருவர் வாய்மொழித் தேர்வில் நன்றாகப் பேசுவார், நான்காமவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்போம். படித்தவர்கள் தலையசைப்பார்கள்.

வெப்ப இயக்கவியலில் நான் தோற்றேன். பள்ளியில் தோல்வி என்றால் என்னவென்று தெரியாதவனுக்கு நூற்றுக்கு 34. அரியர் வைத்திருப்பவர்களைப் பற்றி அதுவரை எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தை அவசரமாக மாற்றிக்கொண்டேன். இத்தனைக்கும் நான் படிக்காமல் இல்லை. தீர்த்துவைத்த கணக்குகளை வரிவரியாக வாசித்திருந்தேன். வாசிக்கும்போது எல்லாம் புரிந்தது. நீராவி மின்நிலையங்கள் இயங்கும் ராங்கின் சுழற்சியில் அடுத்த வரி என்ன என்று தலையாட்டிக்கொண்டே போனேன். தேர்வில் வெள்ளைத்தாளைப் பார்த்தபோது முதல் வரியே வரவில்லை.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு இதை விளக்கியது. ஒரு பாடப்பகுதியை ஒரு குழு மீண்டும் வாசித்தது. இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மீண்டும் வாசித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். ஏமாற்றம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது: வாசித்து முடித்ததும் எல்லாம் கைக்குள் இருப்பது போலத் தோன்றும். பொறியியலில் தீர்வுப் புத்தகம் வைத்திருப்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் பருவம் முழுவதும் நீடிக்கும், தேர்வு அறை வரைக்கும்.

அரியர் தேர்வுக்கு நான் பன்னிரண்டு கணக்குகள் மட்டுமே போட்டேன். தீர்வைப் பார்க்காமல். ஒரு கணக்கோடு ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டி, கடைசியில் நீராவி அட்டவணையில் தவறான அழுத்தத்தை எடுத்திருக்கிறேன் என்று கண்டுபிடித்த நாளும் உண்டு. 71 கிடைத்தது. இந்த முறையை எல்லாப் பாடத்துக்கும் செய்திருக்கலாமே என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். செய்திருக்கலாம், ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பாடம் இருந்திருந்தால். மாலை முழுவதும் ஒரு கணக்கோடு உட்காரும் வசதி, தோற்றுப்போய்த் திரும்ப எழுதியபோதுதான் எனக்கு வாய்த்தது.

இறுதியாண்டில் செயலாய்வு என்றொரு விருப்பப்பாடம். அதில் வரிசைக் கோட்பாடு வந்தது. ஒரே கவுண்டர், முன்னறிவிப்பின்றி வந்து நிற்கும் ஆட்கள், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நேரம் பிடிக்கும் வேலை. கவுண்டர்க்காரர் தம் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால் அங்கே சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 90 சதவீதம் என்றால் 9 பேர். 95 என்றால் 19. நூறை நெருங்க நெருங்க வரிசைக்கு முடிவே கிடையாது. கரும்பலகையில் அந்த வளைகோடு செங்குத்தாக மேலேறியபோது எனக்கு மூன்றாம் பருவம் கண்முன் வந்தது. 120 மணியில் 79 வேலைக்கு, 35 உறக்கத்துக்கு. ஆக 114. கொள்ளளவில் 95 சதவீதம். அன்றைக்கு ஒரு சளிக்காய்ச்சல், ஒரு தொலைந்த கால்குலேட்டர், ஒரு மணி நேர மின்தடை போதும். வரிசை தெருவுக்கு வந்துவிடும். வந்தது. நேர நிர்வாகம் பற்றி எங்களுக்கு ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்தார்கள், அதற்கும் வருகைப்பதிவு எடுத்தார்கள்.

கடைசிப் பருவத்தில் பாடங்கள் குறைந்து, மதியங்கள் காலியாக இருந்தன. ஒருநாள் பொருள் வலிமை ஆய்வகத்துக்குப் போனேன். பழைய ஆய்வக உதவியாளர்தான் இருந்தார். இழுவிசைச் சோதனையை இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும் என்றேன்.

“மதிப்பெண் குறைந்துவிட்டதா, தம்பி?”

“இல்லை அண்ணா. ஒன்பது கொடுத்தார்கள்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்தார். நீட்சிமானியைத் தண்டின் மீது பொருத்தவே இருபது நிமிடம் ஆனது. அவருக்கும் கை பழக்கம் விட்டுப் போயிருந்தது. மெல்ல இழுத்தோம். மீள்தன்மை எல்லைக்குள், அதாவது விட்டால் தண்டு பழைய நீளத்துக்கே திரும்பும் அளவுக்குள், பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, நீட்சிமானியைக் கழற்றி வைத்துவிட்டு, தண்டு முறியும்வரை போனோம். அவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் மறந்துவிட்டேன்.

பெஞ்சிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 193. கீழே எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதையும் எழுதினேன், முதல்முறையாக. அவர் முறிந்த இரண்டு துண்டுகளையும் என் கையில் கொடுத்தார். ஒன்றின் முனை கிண்ணம் போல, மற்றதன் முனை கூம்பு போல இருந்தது. தொட்டால் இன்னும் சூடு. ஒன்றை ஒன்றோடு பொருத்தி அளந்தோம். 50 மி.மீ. இருந்தது இப்போது 62.